பின்கட்டு வாணலி

எங்கள் வீட்டில் சமைக்கும்போது ருசி பார்க்கிற வழக்கம் கிடையாது. பெருமாளுக்குக் காட்டிய பிறகுதான் எதுவும் நாக்கில் படலாம். உப்பு, புளி எல்லாம் கைக்கணக்கு. முப்பது வருஷம் ஆபீசுக்கும் போய்க்கொண்டு அப்படித்தான் சமைத்தேன். ஒரு நாளும் உப்புக் கூடியதில்லை என்று பீற்றிக்கொள்வேன்.

என் பிள்ளை வியட்நாமில் வேலை பார்த்தபோது அங்கேயே ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். இரண்டு வருஷத்துக்கு முன் அவளோடு ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டான். நான் சண்டை போடவில்லை. பெரிய மனசு பண்ணுகிற நினைப்பில், பின்கட்டில் ஒற்றை அடுப்பும் ஒரு வாணலியும் வாங்கி வைத்தேன்.

"நோக்கு வேண்டியதை அங்க பண்ணிக்கோ. ஆத்துக்குள்ள கூடாது, கேட்டியா?" என்றேன். அவள் தலையாட்டினாள்.

வாரத்தில் ஒருநாள் அங்கே இறால் செய்வாள். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். சர்க்கரையைப் பாகாகச் சிவக்க விடுவாள். பூண்டைத் தட்டிப் போட்டு இறாலைக் கொட்டுவாள். மீனை உப்பிலிட்டு வடித்த சாறு ஒரு சீசாவில் வைத்திருந்தாள், அதில் கொஞ்சம் விட்டு மிளகுப்பொடி தூவுவாள். பத்தே நிமிஷம். துவைக்கிற கல்லில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிடுவாள். மழையில் ஒரு கையால் குடை பிடித்துக்கொண்டு கிளறியதையும் பார்த்திருக்கிறேன். உள்ளே வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிறகு ஆறு மாசமாக அந்த அடுப்பு எரியவே இல்லை. நம் சாப்பாடு பழகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன், மடச்சி.

போன மாசம் ஊருக்குப் போவதாகச் சொன்னாள். லீவுக்கா என்றேன். இல்லை என்றாள். பிள்ளையைக் கேட்டால், "ரெண்டு பேருமா தீர்மானிச்சாச்சு. நீ இதுல தலையிடாதேம்மா" என்று போனைப் பார்த்துக்கொண்டே சொன்னான். தலையிடாமல் எப்படி இருப்பது? அவள் போய்விட்டால் இந்த வீட்டில் என்னிடம் சாப்பிட்டாச்சா என்று கேட்க ஆளில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

அவள் புறப்படுவதற்கு முந்தின நாள், ஆட்டோ பிடித்து மணக்காட்டுச் சந்தைக்குப் போய் இறால் வாங்கினேன். மீன்காரி என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஆர்க்கா மாமி?" என்றாள்.

"மாட்டுப்பொண்ணுக்கு."

அவளே உரித்துச் சுத்தம் செய்து கொடுத்தாள். பின்கட்டு வாணலியைச் சமையலறைக்குள் கொண்டுவந்து என் அடுப்பிலேயே ஏற்றினேன். முந்தானையை மூக்கில் சுற்றிக்கொண்டு, ஜன்னலில் பார்த்தபடியே எல்லாம் செய்தேன். அவள் சீசாவிலிருந்த மீன் சாற்றைச் சாம்பாருக்குப் புளித்தண்ணீர் விடுகிற தாராளத்தில் ஒரு கரண்டி விட்டேன். கை தானாகவே உப்பு ஜாடிக்கும் போய் வந்தது. பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது, பளபளவென்று.

கூப்பிட்டதும் வந்து, வழக்கம்போல சமையலறை நிலைப்படிக்கு வெளியே நின்றாள்.

"உள்ள வா."

தயங்கித் தயங்கி வந்து உட்கார்ந்தாள். சோற்றோடு பன்னிரண்டு இறால் போட்டேன். தண்ணீரைக் குடித்துக் குடித்து எல்லாவற்றையும் சாப்பிட்டாள்.

"நன்னா இருக்கா?"

"நன்னா இருக்கு அம்மா." அவள் பேசுவது என் தமிழ்தான். என்னிடம் கற்றது.

"போகாதே. இனிமே இங்கயே சமைச்சுக்கலாம்."

கையைக் கழுவிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சாரமில்லை அம்மா" என்றாள். மலையாளத்தில் பரவாயில்லை என்று அர்த்தம். பஸ்ஸில் தெரியாமல் ஒருவர் காலை நாம் மிதித்துவிட்டால் இந்த ஊரில் அப்படித்தான் சொல்லி நம்மைச் சமாதானப்படுத்துவார்கள்.

மறுநாள் காலை பிள்ளை அவளை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு நேரே ஆபீசுக்குப் போனான். நான் வாணலியைத் தேய்க்க எடுத்தேன். அடியில் பாகு ஒட்டியிருந்தது. அறுபத்து மூன்று வயசில் முதல் தடவையாக அதை விரலால் வழித்து நாக்கில் வைத்தேன்.

உப்பு. வாயில் வைக்க முடியாத உப்பு. குழாயைத் திறந்து எத்தனை தடவை கொப்பளித்தும் போகவில்லை. பன்னிரண்டையும் முகம் சுளிக்காமல் தின்றிருக்கிறாள். இந்த வீட்டில் இரண்டு வருஷமாக இன்னும் எதையெல்லாம் அப்படி விழுங்கினாளோ, நான் ஒரு நாளும் கேட்டதில்லை.