புளி போட்ட நூடுல்ஸ்

பேச்சியம்மாவின் மகன் தர்ஷன், கணினி வேலை என்று நம்பித் தாய்லாந்துக்குப் போனவன். இறங்கிய அன்று கடையில் நூடுல்ஸ் தின்றுகொண்டே பேசினான். "அம்மா, இதுக்குப் பேரு பாட் தாய். நம்மள மாதிரியே புளி ஊத்திக் கிண்டுறாங்க!"

அப்புறம் அவனை எல்லை தாண்டிக் கொண்டுபோய்க் கம்பிவேலிக்குள் அடைத்துவிட்டார்கள். போனில் ஆட்களை ஏமாற்றிப் பணம் பறிப்பதுதான் அங்கே வேலை. ஒருதரம் அழுதுகொண்டு பேசினான். அதோடு பேச்சு நின்றது.

அங்கிருந்து தப்பி வந்தவன், வட்டவளைத் தேயிலைத் தோட்டத்தில் அவள் குடியிருக்கும் லயத்து வீட்டு வரிசையிலேயே இருக்கும் லோஜன். எப்போது கேட்டாலும், "தர்ஷன் நல்லா இருக்கான் பெரியம்மா, சாப்பாட்டுக்குக் கொறையில்ல" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வான். புகார் கொடுத்த அலுவலகங்களிலோ பொறுக்கச் சொன்னார்கள். இனியும் சும்மா இருந்தால் புத்தி பேதலித்துவிடும் போலிருந்தது அவளுக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அட்டன் டவுனுக்குப் போய் அரிசி நூடுல்ஸ் வாங்கி வந்தாள். போனில் வீடியோவைப் பார்த்துப் பார்த்துப் புளியும் சீனியும் கரைத்தாள். மீன்சாறு கிடைக்கவில்லை, மாசிக் கருவாட்டை இடித்துப் போட்டாள். வெங்காயத்தாளுக்குப் பதில் லீக்ஸ் அரிந்தாள். விறகு ஈரம், கண்ணெல்லாம் புகை. ஊறவைத்தது அதிகமாகி, நூடுல்ஸ் சட்டியில் களிபோல் அப்பிக்கொண்டது. பிரிக்கப் பிரிக்க அறுந்தது.

"இதக்கூட ஒழுங்கா செய்யத் தெரியலையே எனக்கு!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறி, கச்சான் கடலையை நுணுக்கித் தூவி, தட்டோடு லோஜன் வாசலில் போய் நின்றாள்.

"தின்னு பாரு தம்பி. எம்புள்ள அங்க திங்கிறது இப்படித்தான் இருக்குமா?"

லோஜன் ஒரு வாய் வைத்தான். தட்டை அவளிடமே திருப்பி நீட்டினான்.

"இதெல்லாம் அங்க எவன் குடுத்தான் பெரியம்மா? வெறுஞ்சோறுதான். ஆள ஏமாத்தலன்னா அதுவும் கெடையாது, அடிதான். நான் வர்றப்ப தர்ஷனால எந்திரிக்கவே முடியல. ஒங்ககிட்ட எப்படிச் சொல்றது?"

"உசுரு இருந்துச்சா?"

"இருந்துச்சு. அம்மாட்ட சொல்லாதடான்னான்."

அவள் அங்கேயே உட்கார்ந்து, ஆறிப்போன நூடுல்ஸைத் தானே அள்ளி அள்ளித் தின்றாள்.

மறுநாள் கொழுந்தெடுக்கப் போகாமல் லோஜனைக் கொழும்பு ரயிலில் ஏற்றித் தானும் ஏறினாள்.

"பயமா இருக்கு பெரியம்மா."

"நீ பாத்தத மட்டும் சொல்லு. மத்தத நான் கேட்டுக்கிறேன்."

கொழும்பில் வெளிநாட்டு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் அவன் சொன்னான். அதிகாரிகள் எழுதிக்கொண்டார்கள். இன்றுவரை தகவல் இல்லை. யார் போன் அடித்தாலும் கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்கிறாள்.