சுளை தின்னாத ஆள்

அலுவிகாரைப் பக்கம் ஆபத்தான மரம் என்றால் ஜெஸ்டினைத்தான் கூப்பிடுவார்கள். இருபது வருடமாக ஊரார் மரத்தையெல்லாம் வெட்டிச் சாய்த்த மனிதர், தன் வீட்டுப் பலா மரத்தின் முன்னால் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கேட்டவர்களுக்குச் சிரிப்பு. மனைவி ரொஷானிக்கோ பயம்.

போன மழையில் வீட்டுக்குப் பின்னாலிருந்த மேடு சரிந்து வந்தபோது, மண்ணை மறித்து நிறுத்தியது அந்தப் பலாதான். உள்ளே ரொஷானியும் மகளும் இருந்தார்கள். இப்போது வேர் பெயர்ந்து, மரம் கூரைப் பக்கம் சாய்ந்து நிற்கிறது. வெட்டுவதற்கு அனுமதிக் கடிதம் வந்து எட்டு நாளாகிறது. அன்று காலையிலிருந்தே மலைப்பக்கம் வானம் கறுத்துக்கொண்டிருந்தது.

எல்லாம் அந்த யூத அம்மாவால் வந்த வினை என்பது ரொஷானியின் கட்சி. ஒரு விடுதியில் ஜெஸ்டின் கிளை வெட்டியபோது அங்கே தங்கியிருந்தவர். ஜெஸ்டின் இறங்கும்வரை காத்திருந்து, நீங்கள் குருவிக் கூட்டைக் கலைக்காமல் பக்கத்துக் கிளைக்கு மாற்றி வைத்ததைப் பார்த்தேன் என்று சொன்னார். அதுவரை ஜெஸ்டினின் வேலையை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. நல்லதைக் கண்டுகொண்டு ஒப்புக்கொள்வது தங்கள் சமயத்தில் ஒரு கடமை, அதன் பெயர் ‘ஹக்காரத் ஹத்தோவ்’ என்றார். விடுதியில் வேலை செய்யும் ஸுஹைல் தமிழில் விளக்கியும், ஜெஸ்டின் காதில் அது ‘அக்கறை’ என்றே விழுந்தது. உயிரில்லாத பொருளுக்கும் அந்த அக்கறை உண்டாம். குழந்தையில் தன்னைக் காப்பாற்றிய ஆற்றை, அது இரத்தமாக மாறக் கோலால் அடிக்க வேண்டி வந்தபோது மோசே அடிக்கவில்லை, அதனால்தான் அவன் அண்ணன் ஆரோன் அடித்தான் என்றாராம். ஜெஸ்டின் வீட்டுக்கு வந்து பைபிளைப் புரட்டினார். அடித்தது ஆரோன்தான்.

அன்றிலிருந்து தினமும் முகம் கழுவுமுன், தனக்கு நல்லது செய்த ஒருவரைப் பெயர் சொல்லி நினைப்பார். அந்த வரிசையில் பலா மரமும் பல நாள் வந்தது.

முதல் துளி விழுந்ததும் ரொஷானி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள்.

“ஒங்க அக்கறை மரத்து மேலயா, எங்க மேலயா? அத மட்டும் சொல்லிருங்க.”

ஜெஸ்டினுக்குச் சுருக்கென்று தைத்தது. மரம் விழத்தான் வேண்டும். ஆனால் அதற்கு இந்த மரத்திடம் நன்மை எதுவும் பெறாத ஓர் ஆரோன் வேண்டுமே! அரிசி வாங்க வழியில்லாமல் போன வருடத்தில், அக்கம்பக்கத்து அடுப்பிலெல்லாம் வெந்தது இந்தப் பலாதான். வெட்டத் தெரிந்தவர்களில் இதில் தின்னாத ஆள் செல்லச்சாமி ஒருவரே. யட்டவத்தையில் தனக்கு வரவிருந்த ஒரு வேலையைத் தட்டிப் பறித்தார் என்ற கோபத்தில், அந்த வீட்டுக்கு மட்டும் ஜெஸ்டின் ஒரு காய்கூடக் கொடுத்தனுப்பவில்லை. அங்கேயும் பிள்ளைகள் பசியோடு இருந்தார்கள். அது இப்போதுதான் உறைத்தது. வெட்கத்தோடு போன் போட்டார்.

செல்லச்சாமி அரை மணி நேரத்தில் கயிற்றோடு வந்து நின்றார். ஜெஸ்டின் ஒன்றையும் மறைக்கவில்லை. தன் பிழையையும் சொல்லி, பழுத்த பழம் ஒன்றைத் தூக்கி நீட்டினார்.

“இப்ப வேணாம்,” என்றார் செல்லச்சாமி. “தின்னுட்டா எனக்கும் வெட்ட ஏலாது. கீழ எறங்கி வந்து வாங்கிக்கிறேன்.”

செல்லச்சாமி பலாவில் ஏறினார்; அவர் இடுப்புக் கயிறு பக்கத்து மரத்தின் உயரக் கிளையைச் சுற்றி ஜெஸ்டின் கைக்கு வந்தது. கிளை ஒவ்வொன்றாக இறங்கியது. மழை வலுத்தது. கடைசிக் கிளையில் அடிமண் பிளந்து மரம் ஒரு குலுக்குக் குலுக்க, செல்லச்சாமியின் கால் வழுக்கியது. கயிறு ஜெஸ்டினின் உள்ளங்கையை உரித்துக்கொண்டு ஓடியது. அவர் விடவில்லை. அந்தரத்தில் தொங்கியவரை மெல்ல மெல்லத் தரையில் இறக்கினார்.

இடுப்புக் கயிற்றை அவிழ்த்துவிட்டுச் செல்லச்சாமி அடிமரத்தை அறுத்தார். அது கூரையைத் தொடாமல் பள்ளத்துப் பக்கம் விழுந்தது.

அவர் சேற்றிலேயே உட்கார்ந்து பழத்துக்குக் கையை நீட்டினார். ஜெஸ்டினின் கையில் தோலில்லை, ரொஷானிதான் பழத்தைப் பிளந்தாள். முதல் சுளையை மென்றபடி செல்லச்சாமி அடிக்கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்ல மரமாத்தான் இருந்திருக்கு,” என்றார்.

ஜெஸ்டின் அழுதுவிட்டார்.