அன்னபூரணி கையிலிருந்த கரண்டி

எழுத உட்காருவதற்கே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பத்தாவது வரை படித்தவள். அதற்குப் பிறகு நான் பேனா பிடித்ததெல்லாம் பேங்கில் கையெழுத்துப் போடுவதற்குத்தான். சாமியைப் பற்றி எழுத, பூசை முறை தெரிந்தவர்கள், நாலு புத்தகம் படித்தவர்கள் எவ்வளவோ பேர் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போது நான் எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் ஒரு சின்னப் பித்தளைச் சாமியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

பாகூர் ஏரிக்குக் கிழக்கே எங்கள் ஊர். என் வீட்டுக்காரரும் அவருடைய அண்ணனும் இன்னும் பாகம் பிரிக்கவில்லை. ஒரே வீடு, ஒரே அடுப்பு. அண்ணன் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அக்காவுக்குப் பிள்ளை இல்லை. என் பிள்ளைகள் இரண்டு பேரும் அவர் கையால் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். இப்போது இருவரும் வெளியூரில் தங்கிப் படிக்கிறார்கள்.

பூசை அலமாரியில் படங்கள் நிறைய இருக்கின்றன. முருகன், பெருமாள், எங்கள் குலதெய்வம் பச்சைவாழியம்மன். அவற்றை நான் துடைப்பேன். அன்னபூரணியை மட்டும் அக்காவைத் தவிர யாரும் தொட மாட்டார்கள். அவருக்குக் கல்யாணத்தில் தாய்வீட்டுச் சீராக வந்த சாமி அது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பாள். மடியில் பானை, வலது கையில் கரண்டி. கரண்டி தனியாகக் கழன்று வரும். கையில் இருக்கிற துளையில் அதைச் செருக வேண்டும். அந்தக் கரண்டி பச்சைக் குழந்தையின் விரல் அளவுகூட இருக்காது. தேய்த்துத் தேய்த்துத் துளை பெரிதாகி, கரண்டி ஆட ஆரம்பித்துவிட்டது. அதனால் அக்கா மஞ்சள் நூல் சுற்றிக் கட்டி வைப்பார்.

மற்ற சாமிகள் வேல் வைத்திருக்கும், சூலம் வைத்திருக்கும். இவள் கையில் இருப்பது நான் தினமும் பிடிக்கிற பொருள். அதனாலேயே இவளைப் பார்த்தால் எனக்குப் பயம் வருவதில்லை. சிவனே கையேந்தி வந்தபோது அவனுக்கும் சோறு போட்டவள் என்று அக்கா சொல்வார். ஒருநாள் நான் அவள் முன்னால் நின்று முணுமுணுவென்று வேண்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டார்.

"அவகிட்ட இன்னாடி கேக்குற? அவ போடறவ. யாருக்கு எவ்ளோ போடணும்னு நீ சொல்லித்தான் தெரியணுமா?"

அதன் பிறகு நான் அவளிடம் எதையும் கேட்டதில்லை. கும்பிட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். அந்த ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் கேட்டேன்.

அவளை வெறும் தட்டில் உட்கார வைப்பதில்லை. பித்தளைத் தட்டில் பச்சரிசி பரப்பி, அதன் மேல்தான் வைப்போம். வெள்ளிக்கிழமை காலையில் அந்த அரிசியை எடுத்து அன்றைய சமையலில் சேர்த்துவிட்டுப் புது அரிசி பரப்ப வேண்டும். எடுத்த அரிசியைப் புடைக்கக் கூடாது. கல் பொறுக்கவும் கூடாது. சாமி உட்கார்ந்து எழுந்த அரிசியில் குறை பார்க்கக் கூடாது என்பது அக்கா தாய்வீட்டு வழக்கம். ஒரு தண்ணீர் ஊற்றி அலசி அப்படியே உலையில் போடுவார். இத்தனை வருடத்தில் ஒரு கல்கூடப் பல்லில் கடிபட்டதில்லை என்று அதில் அவருக்குப் பெருமையும் உண்டு.

அந்த வெள்ளிக்கிழமை எங்கள் நாத்தனார், அதாவது என் வீட்டுக்காரருடைய தங்கை, வில்லியனூரிலிருந்து பஸ் ஏறித் தன் நாலு வயதுப் பெண்ணோடு வந்திருந்தாள். காலையிலிருந்து கரண்ட் இல்லை. அலமாரி இருக்கும் மூலை பகலிலேயே இருட்டாக இருக்கும். அக்காவுக்குக் கண்ணும் கொஞ்சம் மங்கல். குழந்தை வந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் அவசர அவசரமாகச் சாமியைத் தேய்த்துக் கழுவி, பொட்டு வைத்து, முல்லைச் சரத்தைக் கழுத்தோடு கையையும் சேர்த்துச் சுற்றி வைத்துவிட்டு அடுப்படிக்கு வந்தார். பழைய அரிசியைச் சக்கரைப் பொங்கலில் போட்டார்.

மத்தியானம் நாத்தனார் கூடத்தில் உட்கார்ந்து குழந்தைக்குப் பொங்கல் ஊட்டினாள். குழந்தை செல்போனில் பொம்மைப் படம் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்தது, விழுங்கியது. திடீரென்று இருமல். கண்ணெல்லாம் சிவந்து தண்ணீர் கொட்டியது.

"இன்னாடி ஆச்சு? ஆ காட்டு. தொறடி வாய!"

"குத்துதும்மா."

"எங்க குத்துது?"

குழந்தை தொண்டையைத் தொட்டுக் காட்டியது. எச்சிலை விழுங்க மாட்டேன் என்றது. வாயோரம் வழிந்தது.

"பெரியண்ணி, பொங்கல்ல கிராம்பு எதனா போட்டியா நீ?"

"பொங்கல்ல யாராவது கிராம்பு போடுவாங்களா? ஒங்க வூட்ல வேணா போடுவாங்க" என்று அக்கா முதலில் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "ஏலக்கா போட்டேன். அதையும் நுணுக்கித்தான் போட்டேன்."

"அப்ப முந்திரிதான் மாட்டிக்கிச்சி. சின்னண்ணி, ஒரு வாழப்பழம் எடுத்தா."

மீன் முள் சிக்கினால் பழத்தைக் கொடுத்துத் தள்ளுவது எங்கள் பக்கம் எல்லோரும் செய்வதுதான். நான் எடுத்து வந்தேன். குழந்தை தலையை ஆட்டி ஆட்டி அழுதது.

"வேணாண்டி, திணிக்காத. பொறயேறிடப் போவுது" என்றார் அக்கா.

நாத்தனார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பெத்து வளத்தவளுக்குத் தெரியாதா? நீ சும்மா இரு."

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தள்ளி நின்றார். அந்த வார்த்தையை அவர் முதல்முறையாகக் கேட்கவில்லை. நானும்தான்.

பழம் உள்ளே போனது. அழுகை மட்டும் நிற்கவில்லை. "கண்ணு பட்டிருக்கும். திண்ணூறு எடுத்தா அண்ணி" என்றாள் நாத்தனார்.

திருநீற்றுக் கிண்ணம் அன்னபூரணிக்குப் பின்னால் இருக்கும். எட்டி எடுக்கும்போது என் கை பட்டு முல்லைச் சரம் சரிந்தது. சாமியின் வலது கை தெரிந்தது. வெறும் கை. துளையில் நூல்கூட இல்லை. பழைய நூலை அக்கா தேய்ப்பதற்காக அவிழ்த்திருக்கிறார்.

கிண்ணத்தோடு அப்படியே நின்றேன். முதலில் தட்டில் இருந்த புது அரிசிக்குள் விரலை விட்டுத் துழாவினேன். பிறகு அடுப்படிக்கு ஓடி, சாமி தேய்த்த புளிச்சக்கையைப் பிசைந்து பார்த்தேன். மீதிப் பொங்கலைத் தட்டில் கொட்டி விரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன். எங்கேயும் இல்லை. கையெல்லாம் நெய்யும் வெல்லமுமாக நிமிர்ந்தபோது அக்கா எதிரில் நின்றார்.

"இன்னாடி தேடுற?"

"கரண்டி, அக்கா."

அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. அலமாரிக்குப் போனார். சாமியின் கையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். அப்புறம் அந்த அரிசிக்குள் கையை வைத்தவர் எடுக்கவே இல்லை.

கூடத்தில் குழந்தை இருமியது.

நான் யாரிடமும் சத்தமாகப் பேசுகிறவள் இல்லை. எது சொல்ல வேண்டுமானாலும் என் வீட்டுக்காரர் காதில் சொல்லி, அவர் மூலமாகத்தான் சொல்வேன். இதைச் சொன்னால் நாத்தனார் என்ன சொல்வாள் என்பதும் தெரியும். பிள்ளையில்லாதவள் வைத்த சாமி என் பிள்ளையைக் காவு வாங்கப் பார்க்கிறது என்பாள். அந்தச் சொல் ஒருமுறை வாயிலிருந்து வந்துவிட்டால் அக்கா அதற்குப் பிறகு அந்த அலமாரிப் பக்கமே போக மாட்டார். நான்தான் சாமியைத் தேய்த்தேன், நான்தான் தொலைத்தேன் என்று சொல்லிவிடலாமா என்று மனசில் ஓடியது. ஆனால் தொலைந்துவிட்டது என்று சொன்னால் போதாதே. அது எங்கே போனது என்பதைச் சொல்ல வேண்டுமே. அப்போதுதான் அவளிடம் கேட்டேன். போட்டவளே, நீயே எடுத்துக்கொடு என்று மட்டும் கேட்டேன்.

கூடத்துக்குப் போய்ச் சொன்னேன். "அன்னபூரணி கையில கரண்டி இல்ல. பொங்கல்ல வுழுந்திருக்கு. புள்ள அததான் முழுங்கியிருக்கு."

என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. வெளியே வண்டி துடைத்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் உள்ளே வந்துவிட்டார்.

"இன்னா சொல்ற நீ?" என்றாள் நாத்தனார். "யாரு போட்டது? எப்படி வுழும்?"

"அத அப்பறம் பேசிக்கலாம். வண்டிய எடுங்க."

"யாரு போட்டதுன்னு கேக்குறேன் அண்ணி!"

"நான்தான்டி" என்றார் அக்கா, என் பின்னாலிருந்து. "அரிசியோட சேத்து நான்தான் போட்டேன். கண்ணு தெரியல. இப்ப கெளம்பு. திட்டறத வண்டில திட்டு."

எங்களிடம் கரும்புக்கட்டும் உரமூட்டையும் ஏற்றுகிற குட்டியானை வண்டிதான் உண்டு. நாத்தனார் குழந்தையோடு முன்னால் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினாள். நானும் அக்காவும் பின்னால் ஏறி, பக்கவாட்டுத் தகட்டைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கிருமாம்பாக்கம் வரைக்கும் ரோடு குண்டும் குழியும். ஒவ்வொரு பள்ளத்திலும் எனக்கு அந்தக் குழந்தையின் தொண்டைதான் ஞாபகம் வந்தது. இஞ்சின் சத்தத்தில் இருமல் கேட்கிறதா என்று அக்கா டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடியில் காதை வைத்துக்கொண்டே வந்தார். கேட்டாலும் பயம், கேட்கவில்லை என்றாலும் பயம்.

"மூச்சு வுடுதாடா?" என்று கண்ணாடியைத் தட்டினார்.

"வுடுது, வுடுது. பதறாதீங்க அண்ணி" என்றார் என் வீட்டுக்காரர்.

கடலூர் ரோட்டில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். எக்ஸ்ரே அறைக்குள் நாத்தனாரை மட்டும் விட்டார்கள். நாங்கள் வெளியே நின்றோம். அக்கா சுவரில் சாய்ந்து, ஒரு கையின் விரல்களை இன்னொரு கையால் தேய்த்துக்கொண்டே இருந்தார். நகத்துக்குள் ஒட்டியிருந்த குங்குமம் போகும் வரை தேய்த்தார்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். எங்களை உள்ளே கூப்பிட்டுக் கம்ப்யூட்டரைக் காட்டினாள். குழந்தையின் விலா எலும்புகளெல்லாம் மங்கலாகத் தெரிந்தன. அவற்றுக்குக் கீழே, வயிற்றில், பளிச்சென்று வெள்ளையாகக் காம்பும் குழியுமாக ஒன்று.

"இது இன்னாங்க, பார்த்தா கரண்டி மாதிரியே இருக்கு?"

"கரண்டிதாங்க. எங்க வூட்டு அன்னபூரணியுது" என்றார் அக்கா.

டாக்டர் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தாள். தொண்டையைத் தாண்டி வயிற்றுக்குள் போய்விட்டது, முனை எதுவும் கூராக இல்லை, பெரும்பாலும் தானே வெளியே வந்துவிடும் என்றாள். வயிற்று வலி, வாந்தி, மலத்தில் ரத்தம் என்று எது வந்தாலும் உடனே தூக்கிக்கொண்டு வர வேண்டும். வரவில்லை என்றால் இன்னொரு படம் எடுக்க வேண்டும். அதுவரை வழக்கமான சாப்பாடு கொடுக்கலாம்.

"தொண்டைல மாட்டினப்ப ஏதாவது குடுத்தீங்களா?"

நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டு, "வாழப்பழம்" என்றாள்.

"அப்படித் திணிக்கவே கூடாதும்மா. மூச்சுக்குழாய்ல போயிருந்தா இன்னா பண்ணுவீங்க?"

அக்கா ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குழந்தையின் வயிற்றுக்குள் அது இருக்கும்போது வில்லியனூருக்குப் போக நாத்தனாருக்குத் தைரியம் இல்லை. எங்கள் வீட்டுக்கே திரும்பினோம். கரண்ட் வந்திருந்தது. குழந்தை அழுது களைத்துப்போயிருந்தது. நாத்தனார் தயிர்சோறு பிசைந்து ஊட்டப் போனாள். வாயை இறுக்க மூடிக்கொண்டது.

"பெரியத்தை ஊட்டட்டும்."

அக்கா அடுப்படி வாசலில் நின்றார். வரவில்லை. "நீயே ஊட்டுடி. என் கையி வேணாம்."

"பெரியத்தை!"

"வேணாஞ்சாமி. அம்மாகிட்ட சாப்புடு."

மத்தியானத்திலிருந்து சொல்லாமல் வைத்திருந்த அந்தச் சொல்லை இப்போது நாத்தனார் சொல்லப் போகிறாள் என்று நான் அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்னபூரணி அரிசிமேல் வெறும் கையோடு உட்கார்ந்திருந்தாள்.

நாத்தனார் எழுந்து போய்த் தட்டை அக்கா கையில் வைத்து அழுத்தினாள்.

"டாக்டரு சோறு குடுக்கச் சொன்னா இல்ல? சோறு போனாதான் அது வெளிய வரும். ஊட்டு. வெளக்கப் போட்டுக்கிட்டு, பாத்து ஊட்டு."

அக்கா கூடத்தில் உட்கார்ந்தார். ஒவ்வொரு பிடிச் சோற்றையும் தட்டில் பரப்பி, விரலால் நசுக்கிப் பார்த்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து ஊட்டினார். குழந்தை, "சீக்கிரம் குடு பெரியத்தை" என்று அவர் தொடையில் அடித்தது.

மறுநாள் சாயங்காலம் கரண்டி வெளியே வந்தது. நாத்தனாரே அதைச் சுடுதண்ணீரில் போட்டு, புளி போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்து கொடுத்தாள். அக்கா புது மஞ்சள் நூல் சுற்றிச் சாமி கையில் கட்டினார். தட்டிலிருந்த அரிசியை முறத்தில் கொட்டிப் புடைத்துவிட்டு, மறுபடியும் பரப்பினார்.