பச்சையப்பன் வைத்த மருந்து

ஆரணியில் பட்டுத் தறி ஓடும் தெருவில் ரகசியம் பேச நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்வரை பயமில்லை. சத்தம் நின்றால், ஒன்று இழை அறுந்திருக்கும், அல்லது யாரோ காது கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பதினான்கு வருஷமாக அந்தத் தெருவில் குடியிருந்தும் பச்சையப்பனுக்கு இது தெரியாது. பட்டாளத்தில் இருபத்து நான்கு வருஷம் துப்பாக்கி பழுது பார்த்தவர், காது மந்தம். காது மந்தமானவர்கள் எல்லோரையும் போல, ஊரில் மற்றவர்களுக்கும் காது மந்தம் என்று நினைத்துப் போனில் உரக்கப் பேசுவார்.

கண்ணமங்கலம் பக்கத்துக்காரர். ஆரணியில் பெண் எடுத்து, ஓய்வு பெற்றதும் மனைவியின் வீட்டிலேயே வந்து தங்கிவிட்டார். மனைவி அபிதகுசாம்பாளுக்கு முன்கூடத்தில் ஒரு தறி. இவருக்கு அந்த வீட்டில் சொந்தமாக இருந்தது ஒரு நாற்காலியும் ஒரு டார்ச் லைட்டும்.

சனிக்கிழமை மட்டும் அவர் வேறு ஆள். காலையிலேயே சவரம் செய்துகொண்டு வேலூர் பஸ் ஏறுவார். ஊருக்கு வெளியே ஒரு துப்பாக்கி சுடும் கிளப். அங்கே ஒரு பழைய வெப்லி ரிவால்வர். நடுவில் மடக்கித் திறந்தால் காலிக் கூடுகள் ஆறும் ஒன்றாக எகிறி விழும். அதில் போடும் தோட்டாவுக்கு நானூற்றைம்பத்தைந்து என்று பேர். அந்தத் தோட்டாவின் ஈயக் குண்டு சுண்டுவிரல் பருமன். 'மெதுவாத்தான் போவும். போய்ச் சேந்துச்சின்னா எதிர்ல இருக்கறது நிக்காது' என்பார் பச்சையப்பன், சம்பந்தியைப் பற்றிச் சொல்வது போல.

அந்தத் தோட்டா இப்போது கடையில் கிடைப்பதில்லை. சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைப் பொறுக்கிக் கழுவி, நெளிவெடுத்து, அடியில், தட்டினால் பொறி விடும் புது கேப் பொருத்தி, உள்ளே மருந்தை அளந்து போட்டு, ஈயக் குண்டை வாயில் வைத்து அழுத்தி விளிம்பை இறுக்கினால் மறுபடியும் தோட்டா. கிளப்பில் பூட்டிய அறைக்குள் பச்சையப்பன் செய்தது இதைத்தான். மருந்து என்றால் வெடிமருந்து. வேலை தெரிந்தவர்கள் வெடியை விட்டுவிட்டு மருந்து என்றுதான் சொல்வார்கள்.

இதில் ஒரு வம்பு உண்டு. கூடு பெரிசு, மருந்து கொஞ்சம். மறதியாக ஒரே கூட்டில் இரண்டு தடவை ஊற்றினாலும் வழியாது. குண்டை வைத்து மூடிவிட்டால் கடவுளுக்கும் தெரியாது; சுடுகிறவன் கைக்குத்தான் தெரியும். குறைந்தாலோ, குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிடும். அடுத்த குண்டு அதன் முதுகில் போய் இடிக்கும். வடக்கே ஒரு முகாமில் இப்படி இரண்டு விரலை விட்டுவிட்டு ஊர் திரும்பிய ஒரு ஹவில்தாரை அவர் பார்த்திருக்கிறார். அதிலிருந்து ஐம்பது கூட்டையும் பலகையில் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றுக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்ப்பார். பார்த்து முடித்ததும், பார்த்தோமா என்று சந்தேகம் வரும். எல்லாவற்றையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். சந்தேகப்படுவதற்காகவே ஒரு மனிதனை மதித்த இடம் அது ஒன்றுதான்.

தெருவில் இதை அவர் சொல்லவில்லை. தோட்டா என்றால் பயப்படுவார்கள், பயந்தால் பேசுவார்கள். எனவே கிளப்பில் பூட்டு ரிப்பேர் செய்வதாகச் சொல்லியிருந்தார். வாரம் தவறாமல் ரிப்பேராகும் பூட்டு எப்படிப்பட்ட பூட்டு என்று எதிர்வீட்டு சின்னபொண்ணு மட்டும் யோசித்துக்கொண்டிருந்தாள்.

இந்த வருஷம் கிளப் அனுமதியைப் புதுப்பிக்கும்போது, தோட்டா அடைப்பவர் பெயரும் அதில் ஏற வேண்டும், அவரைப் பற்றி அவர் தெருவில் போலீஸ் விசாரிக்க வேண்டும் என்று வந்துவிட்டது. அக்கம்பக்கத்தில் ஒருவர் நல்லவிதமாகச் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் ரிவால்வர் கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விடும், பச்சையப்பன் நாற்காலிக்குள். ஏழு நாளும்.

அந்தக் கவலையில்தான் ஒரு செவ்வாய்க்கிழமை காலை வாசலில் நின்றுகொண்டு கிளப் செயலாளர் தென்னரசுவிடம் போனில் பேசினார்.

"சார், போன வாரம் வெச்ச மருந்து பத்தல. தட்டு லேசா ஆடிச்சி, அவ்ளோதான். இந்த வாட்டி கொஞ்சம் ஏத்தி வெக்கிறேன். விழுந்துடும். இல்ல சார், வூட்ல யாருக்கும் தெரியாது. விசாரணைக்குப் போலீஸ் வரும்னு சொல்லிகினு கீறாங்க, அதான் பேஜாரா இருக்குது."

எதிர்வீட்டில் தறி நின்றது.

தட்டு என்பது இருபது தப்படி தள்ளி நிறுத்திய இரும்புத் தட்டு, குண்டு பட்டால் விழ வேண்டியது. சின்னபொண்ணுவுக்குத் தெரிந்த தட்டு சோற்றுத் தட்டு. அந்தப் பக்கத்தில் மருந்து வைப்பது என்றால், ஆளை மயக்கவோ உருக்கவோ சோற்றில் எதையாவது கலப்பது. அது மட்டுமல்ல, அபிதகுசாம்பாள் இரண்டு மாதமாக இளைத்துக்கொண்டு வந்தாள். பாதிச் சோறு கோழிக்குப் போவதைச் சின்னபொண்ணு தன் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறாள்.

"அபிதா, உன் வூட்டுக்காரரு காபி போட்டுக் குடுப்பாரா?" என்று ஆரம்பித்தாள்.

"எப்பனா போடுவாரு. ஏன்க்கா?"

"அளந்து போடுவாரா?"

"எல்லாத்தையும் அளந்துதான் போடுவாரு. அது அவரு கொணம்."

"அதான பாத்தேன்" என்றாள் சின்னபொண்ணு. பிறகு கேட்டதை எல்லாம் சொன்னாள். கேட்காத இரண்டு வரியும் சேர்ந்துகொண்டது.

அபிதகுசாம்பாள் நம்பவில்லை. நம்பாமலே அன்று மத்தியானம் தட்டை மாற்றி வைத்தாள். தன் தட்டு அவருக்கு, அவர் தட்டு தனக்கு. பித்தளைக் கூட்டில் மயிரிழைக் கீறலைக் கண்டுபிடிக்கிறவருக்குத் தட்டு மாறியது தெரியாதா? ஏன் மாற்றுகிறாள் என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. மறுநாள் அவள் அடுப்படிப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து ரசத்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். அவள் திரும்பிவிட்டாள். அவர் எதையோ போட்டுவிட்டு அது கரைந்ததா என்று பார்க்கிறார் என அவளும், அவள் எதையோ போட்டதால்தான் முகம் மாறுகிறது என அவரும் முடிவு செய்தார்கள். இருபத்தாறு வருஷத் தாம்பத்தியத்தில் அவர்கள் இவ்வளவு ஒத்துப்போனது அபூர்வம்.

வெள்ளிக்கிழமை சின்னபொண்ணு அவளைப் பெரணமல்லூர் பஸ்ஸில் ஏற்றினாள். அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் வைத்த மருந்தை எடுக்கிற ஆள் இருந்தான். அவன் அபிதகுசாம்பாள் வயிற்றில் ஒரு குழாயை வைத்து உறிஞ்சி, கறுப்பாக ஒரு உருண்டையைத் துப்பினான். "கட்டினவன் கையால வெச்சது" என்றான். இரண்டு பெண்களில் ஒருத்தி தலையை ஆட்டினாள். அபிதகுசாம்பாள் ஆட்டவில்லை. உருண்டையைக் காகிதத்தில் மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவினாள். பிரித்தால் நூல். நூல் என்று வந்துவிட்டால் ஆரணிக்காரியிடம் கதை சொல்ல முடியாது. ஒரு இழையை எடுத்துத் தீக்குச்சியைக் காட்டினாள். பட்டாக இருந்தால் தலைமுடி கருகிய நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடியாகும். இது உருகி மணியாகத் திரண்டது.

"அக்கா, இது பாலியஸ்டர்."

"எதுவா இருந்தா இன்னா, வயித்துலருந்து வந்துச்சா இல்லியா?"

"எங்க வூட்ல பாலியஸ்டரே கெடையாதுக்கா. அவரு ஜட்டி கூட காட்டன்."

"வெளிய வாங்கியிருப்பாரு" என்றாள் சின்னபொண்ணு.

அன்றிலிருந்து அபிதகுசாம்பாள் மருந்து எடுப்பவனை நம்புவதை நிறுத்தினாள். அதற்காகப் புருஷனை நம்ப ஆரம்பித்தாள் என்று சொல்ல முடியாது. தட்டுகள் மாறிக்கொண்டுதான் இருந்தன.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் போலீஸ்காரர் ரஞ்சித்குமார் பைக்கில் வந்தார். விசாரிக்கப்படுகிறவர் உள்ளே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு எதிர்வீட்டுப் படியில் உட்கார்ந்து ஃபைலைத் திறந்தார். எதிர்வீட்டுத் தறி நின்றது. இந்தப் பக்கம் அபிதகுசாம்பாளின் தறியும் நின்றது. இந்த முறை பச்சையப்பனுக்கே அது கேட்டது.

"ஏம்மா, எதிர்ல இருக்கற பச்சையப்பனைத் தெரியுமா?"

"தெரியும் சார். நல்லாத் தெரியும்."

"மருந்து கையாள்றதுக்கு அனுமதி கேட்டிருக்காரு."

சின்னபொண்ணு கன்னத்தில் கை வைத்தாள். "இதுக்கெல்லாம் கவர்மென்ட்ல அனுமதி வேற குடுக்கறாங்களா சார்?"

"ஒழுங்கான ஆளா இருந்தா குடுப்பாங்க. பழக்கம் உள்ளவர்தானா?"

"நெறய நாளா வெக்கிறாரு சார். கை தேர்ந்தவரு."

ரஞ்சித்குமார் எழுதினார்: நீண்ட அனுபவம் உள்ளவர். "அளவு தெரியுமா?"

"அளந்துதான் வெப்பாரு. பத்தலன்னா அடுத்த வாட்டி ஏத்தி வெப்பாரு. என் காதால கேட்டேன்."

அளவறிந்து கையாள்பவர். "இதனால இதுவரைக்கும் யாருக்கும் ஆபத்து இல்லியே?"

"இன்னா சார் இப்டி கேக்கறீங்க? அவரு சம்சாரம் துரும்பாப் போயிட்டா, கண்ணு தெரியலியா உங்களுக்கு?"

பேனா நின்றது. ரஞ்சித்குமார் முதலில் சின்னபொண்ணுவையும், பிறகு எதிர்வாசலையும் பார்த்தார். வாசலில் அபிதகுசாம்பாள் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே நாற்காலியின் நுனியில் பச்சையப்பன். அந்தப் பேனா எந்தப் பக்கம் சாயும் என்பதில் அவருடைய சனிக்கிழமைகள் அத்தனையும் இருந்தன.

"உங்க வூட்டுக்காரரு உங்களுக்கு ஏதாவது குடுத்தாராம்மா?" என்றார் போலீஸ்காரர்.

அபிதகுசாம்பாள் ஒரு முறை திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். ஆமாம் என்றாலும் யாரும் ஆச்சரியப்படப் போவதில்லை. இல்லை என்றால் உண்மையைச் சொல்ல வேண்டிவரும். அதை இரண்டு மாதமாக அவள் ஒளித்து வைத்திருந்தாள்.

"எனக்குப் பல்லு வலி சார்" என்றாள். "கடவாய்ப் பல்லு. மெல்ல முடியல, அதான் சோறு எறங்கல. இவருகிட்ட சொன்னா ஆஸ்பத்திரிக்கு இஸ்துகினு போவாரு. அங்க பல்லைக் கொடைவாங்க. எனக்கு அந்தச் சத்தம் ஆவாது."

"அப்ப மருந்து?" என்றாள் சின்னபொண்ணு.

"துப்பாக்கி மருந்தும்மா" என்றார் ரஞ்சித்குமார். "கிளப்ல ரிவால்வருக்குத் தோட்டா அடைக்கிறாரு. நீங்க எதைச் சொல்லிகினு இருந்தீங்க?"

சின்னபொண்ணு எதிர்வீட்டைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள். "மிலிட்டரிக்காரரே, துப்பாக்கிக்குத் தோட்டாவா செய்யறீங்க? அத மொதல்லியே சொல்றதுக்கு இன்னா? நாங்க ஏதோ கெட்ட வேலைன்னு நெனச்சிகினு இருந்தோம்."

கையெழுத்துப் போட்டாள். முதலில் சொன்ன இரண்டு வரியை அடிக்க வேண்டுமா என்று ரஞ்சித்குமார் கேட்டதற்கு, "இருக்கட்டும் சார், அதுவும் நெசந்தானே" என்றாள்.

இரண்டாம் வாரம் அனுமதி வந்தது, பச்சையப்பன் பெயரோடு. அந்தச் சனிக்கிழமை இரும்புத் தட்டு விழுந்தது. அதற்கு அடுத்த திங்கட்கிழமை மனைவியைப் பல் டாக்டரிடம் அழைத்துப் போனார். டாக்டர் சங்கீதா குடைந்து முடித்துவிட்டு, "பயப்படாதீங்கம்மா. உள்ள மருந்து வெச்சு அடைச்சிடறேன், சரியாப் போயிடும்" என்றார்.

அபிதகுசாம்பாள் திறந்த வாயோடு புருஷனைப் பார்த்தாள்.

பச்சையப்பன் சட்டைப் பையிலிருந்து டார்ச்சை எடுத்தார். "மூடறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துடட்டுமா டாக்டர்?" என்று கேட்டார். "ரெண்டு வாட்டி வெச்சிட்டா வெளிய தெரியாது."