சுத்தமான பதினாறு மீன்கள்

புருஷன் செருப்பைக் கழற்றுவதற்குள் அவருடைய சட்டையை முகர்ந்து பார்த்துவிடுகிறாள்.

"பெட்ரோல் பங்க்ல நின்னீங்களா?"

"பின்ன, வண்டி தண்ணியிலயா ஓடுது?"

"சட்டைய வெளியவே கழட்டிட்டு வாங்க."

காப்பீட்டு முகவரான அவர் வெற்று மார்போடு உள்ளே வருகிறார். கூடத்துக் கண்ணாடித் தொட்டியில் பதினாறு மீன்கள். அவற்றின் பொருட்டு இந்த வீட்டில் ஏழு மாதமாகக் கொசுவத்தி கிடையாது, சென்ட் கிடையாது. "பாலிசி எடுக்க வர்றவன் ரெண்டடி தள்ளி உக்கார்றான்டி" என்று அவர் புலம்பாத நாள் இல்லை.

அவளுடைய வேலை, ஆற்று மீனின் ஈரலைச் சோதிப்பது. விஷம் உள்ளே போனால் அதை உடைக்க ஈரலில் ஒரு நொதி பெருகும். "தண்ணி ஓடிப் போயிரும். ஈரல் அப்படியே எழுதி வச்சிருக்கும்" என்பாள். ஆனால் சுத்தமான மீனின் அளவை அருகில் வைத்தால்தான் அந்தக் கணக்கு செல்லும். அதற்கான மீன்கள் ஆய்வுக்கூடத்திலேயே உண்டு. அங்கிருக்கும் மனிதர்களைத்தான் அவள் நம்பவில்லை. பண்ணையிலிருந்து வந்த அன்றே பாதியை வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டாள். காலையும் மாலையும் தண்ணீரின் வெப்பநிலையை நோட்டில் குறிக்கிறாள்.

"உங்க ஆபீஸ்ல எவன் தொட்டியில என்னத்தக் கொட்டப் போறான்?"

யாரும் கொட்டவில்லை. பூசினார்கள். விருந்தினர் வருகிறார்கள் என்று ஆய்வுக்கூட இயக்குநர் தொட்டிச் சட்டங்களுக்கு எண்ணெய்ப் பெயிண்ட் அடிக்கச் சொல்லியிருக்கிறார், ஜன்னலைச் சாத்திக்கொண்டு. நெடி தண்ணீரில் இறங்கி, ஒரே வாரத்தில் அங்கிருந்த சுத்த மீனின் ஈரலிலும் ஆற்று மீனைப் போலவே நொதி எகிறிவிட்டது. ஆற்றில் கழிவு விடும் ஆலை மீது வெள்ளிக்கிழமை விசாரணை. "எல்லா மீனும் இப்படித்தான்" என்று ஆலைக்காரர்கள் சொன்னால் போதும். ஆறு இறங்கிப் போகும் வழியில் இருக்கும் ஊர் அதே தண்ணீரைக் குடிக்க வேண்டியதுதான்.

"பாக்க பளிச்சுனு இருக்கட்டுமேன்னு செஞ்சேம்மா" என்றார் இயக்குநர்.

"மீனுக்கு என்ன சார், கல்யாணமா?"

அன்று மாலை வீட்டு மீன்களை எடுத்துப் போக இயக்குநரே காரில் வந்து இறங்கினார். அவள் உள்ளே பைகளில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தாள். படியேறியவரை வாசலில் காப்பீட்டு முகவர் நிறுத்தினார். காலர் அருகே குனிந்து ஒரு முறை முகர்ந்தார். சந்தேகம் தீர இன்னொரு முறை. பிறகு ஒரு கையால் வாசலை மறித்துக்கொண்டு, மறு கையால் தெருக்குழாயைக் காட்டினார்.