முளைப்பாரிக்கு ஒரு காற்றாடி

மலாக்கா டவுனில் ஒரு மின்சாதனக் கடையில் பல வருடம் காற்றாடி விற்றவன் நான். பெட்டியைப் பிரித்து ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே நல்லது கெட்டது சொல்லிவிடுவேன் என்று எனக்குள் ஒரு திமிர் இருந்தது. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடம் அந்தத் திமிருக்குச் சரியான வேலை வந்தது. வேலை கொடுத்தவள் என் மனைவி.

அந்த வருடம் நியாலாஸ் சாலையில், லோரியிலிருந்து சிதறிக் கிடந்த செம்பனைப் பழத்தில் மோட்டார் சைக்கிள் வழுக்கி விழுந்தேன். வலது கால் முழங்காலுக்குக் கீழே முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டு, வாரா வாரம் வந்து காட்டச் சொல்லி, செலண்டாரில் இருந்த எங்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கால் தேற வேண்டுமென்று மாரியம்மன் திருவிழாவுக்கு முளைப்பாரி எடுப்பதாக மனைவி வேண்டிக்கொண்டாள்.

முளைப்பாரி இருட்டில் வளர வேண்டும். விரதமிருக்கிற பெண்ணைத் தவிர வேறு யார் கண்ணும் அதன்மேல் படக்கூடாது. என் மனைவி பிறந்த ரப்பர் தோட்டத்தில் பலகை வீட்டின் உள்ளறையில் வளர்ப்பார்கள். பலகை இடுக்கில் காற்று தானாக வந்து போகும். எங்களுடையது கல்வீடு. பின்னறையில் மரச்சட்டம் நிறுத்தி, கன்வாஸ் போர்த்தி, ஒரு ஆள் குனிந்து நுழைகிற மாதிரி சின்னக் கூடாரம் கட்டினாள். யார் பார்வையாவது உள்ளே போய்விடுமோ என்ற பயத்தில் மூலை முடுக்கெல்லாம் பழைய போர்வையைத் திணித்து அடைத்தாள். பார்வையோடு சேர்ந்து காற்றும் அடைபட்டுப் போயிற்று. சட்டிகளில் விதைத்த பயறெல்லாம் சில நாளிலேயே பூஞ்சணம் பிடித்து நாற ஆரம்பித்தது.

சட்டிகளைக் கொல்லையில் கவிழ்த்துவிட்டு வந்தாள். முளைப்பாரி கெட்டால் வேண்டுதலே கெட்ட மாதிரி என்று கேட்டு வளர்ந்தவள். திருவிழாவுக்குள் இன்னும் ஒரே ஒரு தடவை விதைக்கத்தான் நாள் இருந்தது. அன்றைக்கே தலைமுழுகி, புது மண்ணும் சாணி எருவும் போட்டு மறுபடி விதைத்தாள்.

"இந்தத் தடவ உள்ளுக்குக் காத்து போயி வரணுங்க. காத்தாடிக்காரரு நீங்கதானே, ஒரு வழி சொல்லுங்க" என்றாள்.

வீட்டு மேசைக் காற்றாடியை வைத்தோம். எனக்கும் அந்தக் கூடாரத்துக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். கன்வாஸ் படபடவென்று அடித்துக்கொண்டது, மேசை தடதடத்தது. வலி மாத்திரை போட்டுப் பகலில்தான் நான் கொஞ்சம் கண்ணயர்வேன், அதுவும் போச்சு. என் வாயைக் கேட்கவா வேண்டும்? "அம்மனுக்கே காது வலிக்கும் லா! நிறுத்து அதை!" என்று கத்தினேன். அவள் சிரித்தாள். முனகாமல் கத்துகிற அளவுக்குத் தெம்பு வந்துவிட்டதே என்று அதிலும் ஒரு சந்தோஷம் கண்டுபிடித்தாள். அவளுக்கு அப்படி ஒரு சுபாவம்.

மறுநாள் பஸ் ஏறி மலாக்காவுக்குப் போய், என் கடையிலிருந்து மூன்று காற்றாடிகளை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். ஒவ்வொன்றாகத் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஓடவிட்டாள். நான் படுக்கையில் நீதிபதி மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தேன். அடுப்படிப் புகையை இழுக்கிற காற்றாடி மாவு மில்லைப் போல இரைந்தது. கம்ப்யூட்டருக்குள் வைக்கிற உள்ளங்கை அளவுக் காற்றாடி கொசு மாதிரி காதுக்குள் நுழைந்தது. மூன்றாவது, பெரிய மெஷின்களுக்குள் சூட்டைத் தணிக்க வைப்பது. சாப்பாட்டுத் தட்டு அளவு இருக்கும். அடாப்டரில் வேகத்தைக் குறைத்து வைக்கச் சொன்னேன். சின்னது வேகமாகச் சுற்றுவதைவிடப் பெரியது மெதுவாகச் சுற்றுவதுதான் சத்தமில்லாமல் அதே காற்றைத் தள்ளும். அப்படியும் ஒரு உறுமல் இருந்தது.

"காத்தாடி இல்லங்க, சட்டந்தான் உறுமுது" என்றாள் அவள். சைக்கிள் டியூப்பை நறுக்கி, அந்த ரப்பர் துண்டுகளில் காற்றாடியைச் சட்டத்தில் படாமல் நான்கு மூலையிலும் தொங்கவிட்டாள். உறுமல் அடங்கிவிட்டது. இத்தனை வருடம் காற்றாடி விற்ற எனக்கு அவளைப் பார்க்கப் பெருமையாகவும் பொறாமையாகவும் இருந்தது.

சூடும் ஈரமும் மேலே ஏறும் என்பதால் காற்றாடி உச்சியில் இருந்து வெளியே தள்ள வேண்டும். கீழே ஓர் இடுக்கு வழியாகப் புதுக் காற்று உள்ளே போக வேண்டும். வெளிச்சம் நுழையாதபடி இரண்டுக்கும் கறுப்புத் துணியைத் தளர்வாகத் தொங்கவிட்டாள். பிறகு கீழ் இடுக்கில் ஊதுபத்தியைப் பிடித்தாள். "புகைய உள்ளுக்கு இழுக்குதுங்க!" என்று அவள் கூவியது சின்னப் பிள்ளை கூவுகிற மாதிரி இருந்தது. நாற்றம் நின்றது. முளை விட்டிருப்பதாக இரண்டு நாளில் சொன்னாள்.

அந்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் அவளை மட்டும் தனியே கூப்பிட்டுப் பேசினார். வெளியே வந்தவள், "நல்லா ஆறிட்டு வருதாம்" என்றாள். வழியில் எனக்குக் கச்சான் கடலை வாங்கிக் கொடுத்து, கதை பேசிக்கொண்டே வந்தாள்.

மறுநாள் மத்தியானம் அவள் தண்ணீர் தெளிக்கக் கூடாரத்துக்குள் போனாள். நான் தூங்குவதாக நினைத்திருப்பாள். வீடு அவ்வளவு அமைதியாக இருந்ததால் ஒவ்வொரு சொல்லும் தடுப்பைத் தாண்டி வந்தது.

"உள்ளுக்குச் சீழ் வச்சிருக்காம் தாயே. கால எடுக்க வேண்டி வருமாம். வெரலு அசைஞ்சிட்டா காப்பாத்திடலாங்கிறாங்க. அவருகிட்ட நான் சொல்லல. ஒடஞ்சி போயிடுவாரு." பிறகு சேலையை வாயில் அடைத்துக்கொண்டு அழுகிற சத்தம்தான்.

முகம் கழுவிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "முழிச்சிருக்கீங்களா? அங்கிருந்து சத்தம் ஏதும் வருதா?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமே கேக்கல. இப்பத்தான் நல்லா தூங்குனேன்" என்றேன்.

இவளையா நான் வாய்க்கு வந்தபடி கத்திக்கொண்டிருந்தேன் என்று யோசித்தபடி படுத்துக் கிடந்தேன். அதிலிருந்து அவள் கூடாரத்துக்குள் போகும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு கால் விரலை அசைக்கப் பார்ப்பேன். திருவிழாவுக்கு முந்தின நாள் கட்டைவிரல் மெல்ல அசைந்தது. சொல்லாமல் வைத்துக்கொண்டேன்.

திருவிழா அன்று கோயில் வாசலில் கக்கத்தில் கட்டையை ஊன்றி நின்றிருந்தேன். முளைப்பாரி ஊர்வலம் வந்தது. வெளிர் மஞ்சளாய், அடர்த்தியாய், ஒரு முளைகூடச் சாயாமல் அவள் தலையில் இருந்த சட்டிதான் எல்லாவற்றிலும் அழகு. பெண்டாட்டி வளர்த்தது என்பதற்காகச் சொல்லவில்லை, ஊரே சொன்னது. என் எதிரே வந்ததும் அவளைக் கூப்பிட்டு, கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்களைக் காட்டி, கட்டைவிரலை இரண்டு தரம் ஆட்டினேன்.

அவள் விரலைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். முளைப்பாரியை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, மேளச் சத்தத்துக்கு மேலே, அத்தனை பேர் நடுவிலும் வாய்விட்டு அழுதாள்.