நாற்பத்தோராம் பக்கத்துச் சிவப்புக் கோடு

அம்பத்தூர் ஓ.டி.யில் இறங்கி ‘மோட்டார் வைண்டிங் கஜபதி கடை எங்கே’ என்று யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். அந்தக் கஜபதி நான்தான். படிப்பு மூன்றாம் வகுப்பு. அதையும் இரண்டு வருஷம் படித்தேன், அதனால் அந்த வகுப்பில் என்னை யாரும் அசைக்க முடியாது.

பன்னிரண்டு வயதில் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குள் போனேன். எரிந்துபோன மோட்டாரிலிருந்து கருகிய செம்புக் கம்பியை உளி வைத்து வெட்டி எடுக்கிற வேலை. பத்து வருஷத்தில், கண்ணை மூடிக்கொண்டு கம்பியை விரலில் உருட்டினால் எத்தனை கேஜ், அதாவது என்ன தடிமன் என்று சொல்லிவிடுவேன். 1979-ல் சொந்தக் கடை. போர்டில் என் பெயரை நானே பெயிண்ட் அடித்தேன். ‘ஜ’ கொஞ்சம் சாய்ந்துவிட்டது. அதை இன்று வரை மாற்றவில்லை.

என் பெயர் ஊருக்குத் தெரிந்தது கடையால் அல்ல, நோட்டால். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எரிந்த மோட்டார் வந்தால், பிரிப்பதற்கு முன் அதில் எத்தனை சுற்று, என்ன கேஜ் என்று எண்ணி வைத்துக்கொள்வோம். அதே கணக்கில் திரும்பச் சுற்றினால் மோட்டார் ஓடும். இந்தக் கணக்கை ஒருத்தன் இன்னொருத்தனுக்குச் சொல்ல மாட்டான். மடியில் முடிந்து வைத்துக்கொள்வான். நான் 1984-ல் முந்நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி, கயிறு கட்டிக் கடை வாசலில் தொங்கவிட்டேன். ஒரு மோட்டாருக்கு ஒரு பக்கம். தெரியாதவன் கேள்வி எழுதலாம், தெரிந்தவன் கீழே பதில் எழுதலாம். ஆவடி, பூந்தமல்லி, திருநின்றவூர் என்று எல்லா இடத்து மெக்கானிக்குகளும் வந்து எழுதினார்கள். டிப்ளமோ படித்தவனெல்லாம் மூன்றாம் வகுப்புக்காரன் கடை வாசலில் நின்று காப்பி பண்ணிக்கொண்டு போனான். எனக்கு அது போதும்.

தொல்லையும் அங்கேதான் ஆரம்பித்தது. எப்போதோ எழுதி முடித்த பக்கத்தில் எவனாவது வந்து புதிதாக ஒரு வரி சேர்ப்பான். பழைய பதில் சரியாக இருக்கும், கடைசி வரி தப்பாக இருக்கும். படிக்கிறவன் கடைசி வரியைத்தானே நம்புவான்? ஒரு பக்கத்தில் எவனோ ‘மோட்டாருக்கு நாலு எலுமிச்சம்பழம் நசுக்கவும்’ என்று எழுதிவிட்டுப் போனான். அடுத்த வாரம் பூந்தமல்லியிலிருந்து ஒரு ஆள் வந்து, நசுக்கிவிட்டதாகவும் மோட்டார் ஓடவில்லை என்றும் என்னிடமே சண்டை போட்டான்.

ஜானகிராமன் சார்தான் அதற்கு வழி சொன்னார். கும்பகோணம் பக்கத்துக்காரர். ஆவடியில் ராணுவ பேக்டரியில் எலக்ட்ரீசியன், குவார்ட்டர்ஸில் குடும்பம். சனிக்கிழமை சாயங்காலம் தவறாமல் என் கடைக்கு வருவார்.

“மேஸ்திரி, எங்க பேக்டரியில ஒரு வேலை முடிஞ்சா கார்டுல கையெழுத்துப் போட்டு மூடிடுவோம். அப்புறம் எவனும் அதுல பேனா வைக்க முடியாது. நீங்களும் மூடுங்க. ரெண்டு பேர் சுத்திப் பார்த்துச் சரின்னு சொன்ன பக்கத்துக்கு அடியில சிவப்புக் கோடு. கோட்டுக்குக் கீழே உங்க கையெழுத்து.”

கையெழுத்து என்றதும் எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. 1989 தீபாவளி கழித்து இரண்டு நாள் உட்கார்ந்து, அறுபத்தேழு பக்கத்துக்குக் கோடு போட்டேன். ஒவ்வொன்றிலும் ‘முடிந்தது. கஜபதி.’ அதில் நாற்பத்தோராம் பக்கமும் ஒன்று. கோயம்புத்தூர் கம்பெனி செய்த ஒன்றரைக் குதிரைச் சக்தி மோட்டார், வேப்பம்பட்டு மல்லித் தோட்டத்திலிருந்து 1987-ல் எரிந்து வந்தது. எண்ணியது நான், எழுதியது நான். இருபது கேஜ் கம்பி. சரிபார்த்தது நானும் ஜானகிராமன் சாரும்.

மறு வருஷம் வேப்பம்பட்டு கலியமூர்த்தி கடைக்கு வந்தான். தோட்டங்களுக்குப் போய் மோட்டார் பார்க்கிற ஆள், கடை கிடையாது. வெகு நேரம் நாற்பத்தோராம் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றான். பிறகு காதிலிருந்து பேனாவை எடுத்தான்.

“இன்னா பா பண்ற?”

“இதுல ஒண்ணு எழுதணும் அண்ணாத்தே.”

“சிவப்புக் கோடு கீதே, கண்ணு தெரியலயா? முடிஞ்சுதுன்னு எழுதிக்கீது. மூணாங்கிளாஸ் படிச்ச நானே எழுதிக்கீறேன், உனக்குப் படிக்கத் தெரியாதா?”

கடையில் நான்கு பேர் சிரித்தார்கள். அவன் பேனாவைத் திரும்பக் காதில் செருகிக்கொண்டு போய்விட்டான். நானும் மறந்துவிட்டேன்.

1993 சித்திரை. திருமுல்லைவாயிலிலிருந்து வரலட்சுமி என்கிற அம்மா மாட்டு வண்டியில் மோட்டாரை வைத்துக்கொண்டு வந்தாள். அவர்கள் தெருவில் இருபத்திரண்டு வீடு. வீடு வீடாக ஏறி இறங்கி, எல்லோரையும் சம்மதிக்க வைத்து, பொதுவாக ஒரு போர்க் கிணறு போட வைத்தவள் அவள்தான். அந்த மோட்டார் ஒரே வருஷத்தில் இரண்டு தடவை எரிந்துவிட்டது. பெண்கள் மறுபடியும் குடத்தைத் தூக்கிக்கொண்டு கோயில் பக்கத்துக் குழாய்க்கு நடக்கிறார்கள்.

“தெருவுல என்ன பேசறாங்க தெரியுமாண்ணே? இவ பேச்சைக் கேட்டோம் பாருன்னு. இன்னொரு வாட்டி எரிஞ்சா போரை மண்ணைப் போட்டு மூடிடுவாங்களாம். நான் அந்தத் தெருவுலதான் குடியிருக்கணும்.”

“இது வரைக்கும் சுத்தினவன்லாம் எந்தக் கணக்குல சுத்தினான்?”

“உங்க நோட்டுலேர்ந்துன்னுதான் சொன்னாங்க.”

நோட்டில் தப்பு இருக்காது, கையில்தான் தப்பு என்று சொன்னேன். நானே சுற்றுகிறேன் என்றேன். அதுவும் அதே கோயம்புத்தூர் மோட்டார்தான், நாற்பத்தோராம் பக்கத்தைப் பார்த்துச் சுற்றினேன். இங்கே ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். கம்பியை மோட்டார் இரும்பின் குழிக்குள் இறக்கும்போது அது தொளதொளவென்று உட்கார்ந்தது. இறுகப் பிடிக்கவில்லை, இடம் மிஞ்சியது. முப்பது வருஷக் கை அது, எனக்குச் சொல்லியது. ஆனால் நோட்டு வேறு சொல்லியது, அதன் கீழே என் கையெழுத்து வேறு. கையை விட்டுவிட்டுக் கையெழுத்தை நம்பினேன்.

பத்தொன்பதாம் நாள் எரிந்தது.

வரலட்சுமி இந்தத் தடவை மோட்டாரை எடுத்துக்கொண்டு வரவில்லை. தனியாக வந்தாள். சத்தம் போடுவாள் என்று பார்த்தேன், போடவில்லை. கயிற்றில் தொங்கிய நோட்டை எடுத்து, நாற்பத்தோராம் பக்கத்தைத் தானே புரட்டிப் படித்தாள்.

“ஆறு வருஷமா இந்தப் பக்கம் இருக்கு. எத்தனை பேரு இதைப் பார்த்துச் சுத்தியிருப்பாங்க. இது தப்புன்னு ஒருத்தர்கூடவா வந்து சொல்லல?”

கரண்ட் சரியில்லை என்று வாய் வரைக்கும் வந்தது. எரிந்த மோட்டாருக்கெல்லாம் நாங்கள் சொல்வது அதுதான். மற்றவர்களும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருப்பார்கள், அதனால்தான் இந்தத் தப்பு வெளியே வரவில்லை. ஆனால் எனக்கு அப்போது காதில் பேனா செருகிய ஒரு ஆள் ஞாபகத்துக்கு வந்தான்.

“ஒருத்தன் வந்தான்மா. நான்தான் சொல்ல விடல,” என்றேன். “பத்து நாள் உங்க தெருக்காரங்களைப் புடிச்சு வெச்சுக்கோ. போரை மூட வாணாம்னு சொல்லு.”

“பத்து நாளா? சனிக்கிழமை கூட்டம் போடறாங்க. அதுக்குள்ள தண்ணி வரலைன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது.”

அன்று செவ்வாய். அப்படியே திருவள்ளூர் வண்டி பிடித்து வேப்பம்பட்டில் இறங்கினேன். கஜபதி ஒருத்தனைத் தேடிப் போனதாக அது வரை சரித்திரம் கிடையாது. கலியமூர்த்தி ஒரு தோட்டத்தில் பம்பு ஷெட்டுக்குள் உட்கார்ந்து பேரிங் மாட்டிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான்.

“இன்னா அண்ணாத்தே, கோட்டைத் தாண்டி வந்துகீற?”

“உன்னைப் பாக்கத்தான் வந்தேன்.”

“வேப்பம்பட்டுல நாங்கள்லாம் படிக்காத பசங்க. எங்களாண்ட உனக்கு இன்னா வேலை?”

“நல்லாக் கேளு நைனா. இன்னும் ரெண்டு கேளு. கேட்டுட்டு, அன்னிக்கு இன்னா எழுத வந்தியோ அதைச் சொல்லு.”

அவன் இரண்டு இல்லை, நாலைந்து கேட்டான். எல்லாவற்றையும் நின்றே வாங்கிக்கொண்டேன். பிறகு சொன்னான். அந்த மல்லித் தோட்டத்து மோட்டாரை முதலில் சுற்றியதே அவன்தான். அந்த நேரம் பத்தொன்பது கேஜ் கம்பி எங்கேயும் கிடைக்கவில்லை. செடி வாடுகிறது என்று தோட்டக்காரர் அழுதிருக்கிறார். சரி, கையில் இருந்த இருபது கேஜ் மெல்லிசுக் கம்பியை வைத்துச் சுற்றி, ‘ரெண்டு மாசத்துல கொண்டா, மாத்தித் தரேன்’ என்று சொல்லியிருக்கிறான். ஓடுகிற மோட்டாரை யார் கழற்றிக் கொண்டு வருவார்கள்? அது எரிகிற வரைக்கும் ஓடிவிட்டு என்னிடம் வந்தது. நான் கம்பெனிக் கணக்கு என்று நினைத்து எண்ணினேன். எண்ணியது கலியமூர்த்தியின் அவசரக் கணக்கை.

“அத்த எழுதத்தான் வந்தேன். மேல தண்ணி கீற ஊருல ஒரு வருசம் ஓடும். தண்ணி கீழ போன ஊருல, வெயில்ல, தாங்காதுன்னு எழுதலாம்னு வந்தேன். நீ இன்னா சொன்ன?”

“வா. வந்து எழுது.”

“நீயே எழுதிக்கோ. கையெழுத்துப் போடத்தான் உனக்கு ஆசையாச்சே.”

“நீதான் எழுதணும். கோட்டுக்குக் கீழ. என் கையெழுத்துக்கும் கீழ.”

வியாழக்கிழமை வந்தான். அவனைக் கடை வாசலில் நிறுத்தி, நானே பேனாவைத் திறந்து கொடுத்தேன். அதற்குள் திருமுல்லைவாயிலிலிருந்து வரவழைத்திருந்த மோட்டாரை, அவன் எழுதியதைப் பார்த்துப் பத்தொன்பது கேஜில் நான் சுற்றினேன். கம்பி குழிக்குள் இறுக்கமாக, சட்டை போட்ட மாதிரி உட்கார்ந்தது. வெள்ளிக்கிழமை வார்னிஷ் காய்ந்தது. சனிக்கிழமை காலையில் நானே திருமுல்லைவாயில் போய் மாட்டினேன். ஸ்விட்சைப் போட்டவள் வரலட்சுமி. முதலில் செம்மண்ணாக வந்து, பிறகு தெளிந்தது. கூட்டம் போட வந்தவர்கள் குடம் எடுக்க வீட்டுக்குத் திரும்பினார்கள்.

அன்று சாயங்காலம் ஜானகிராமன் சார் வந்து பக்கத்தைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“கோட்டுக்குக் கீழே எழுத விட்டுட்டீங்களே மேஸ்திரி. நாளைக்கு மறுபடியும் எலுமிச்சம்பழக்காரன் வருவான்.”

“வருவான் சார். கோடு போடலைன்னா அவன் வருவான். கோடு போட்டா கலியமூர்த்தி வர மாட்டான்.”

“அப்ப எவன் வந்தாலும் எழுதலாமா?”

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. இரண்டு நாள் யோசித்தேன். பேக்டரிக்காரருக்கும் தோன்றாத வழி மூன்றாம் வகுப்புக்காரனுக்குத் தோன்றியது. பழைய பக்கத்தில் யார் வேண்டுமானாலும் எழுதலாம், எத்தனை வருஷம் ஆனாலும் எழுதலாம். ஆனால் தேதி, பெயர், ஊர் போட வேண்டும். தான் சுற்றிய கம்பியில் ஒரு அங்குலம் வெட்டிப் பக்கத்தில் ஒட்ட வேண்டும். முன்னால் எழுதியதை எவனும் அடிக்கக் கூடாது, அது என்னுடையதாக இருந்தாலும் சரி. அதற்குப் பிறகு ஒரு எலுமிச்சம்பழம் வரவில்லை. விளையாட்டுக்கு எழுதுகிறவன் கம்பிக்கு எங்கே போவான்?

நோட்டு தடித்துக்கொண்டே போனது. தாள் ஒட்டி, தாள் ஒட்டி, நாற்பத்தோராம் பக்கம் மட்டும் இப்போது ஏழு தாள். என் தப்புக் கணக்கும் சிவப்புக் கோடும் கையெழுத்தும் அதில் அப்படியே இருக்கிறது. கடைக்குப் புதிதாக வருகிறவனுக்கு நான் முதலில் காட்டுவது அந்தப் பக்கத்தைத்தான். தன் தப்பை வாசலில் தொங்கவிட்டுக்கொண்டு தொழில் பண்ணுகிறவன் இந்த எஸ்டேட்டில் வேறு யார் இருக்கிறான், காட்டுங்கள் பார்ப்போம்.

அந்த வருஷம் கோடை முழுக்க மோட்டார் நிற்கவில்லை. ஆடி மாதத்தில் வரலட்சுமி கடைக்கு வந்தாள். வேலை ஒன்றும் இல்லை, அம்பத்தூரில் துணி எடுக்க வந்தாளாம். நோட்டை எடுத்து, கலியமூர்த்தி எழுதியதற்குக் கீழே, ‘திருமுல்லைவாயில். கோடை தாண்டியது. ஓடுகிறது. வரலட்சுமி’ என்று தேதியோடு எழுதினாள். ஜானகிராமன் சார் பக்கத்தில் நின்றிருந்தார்.

“கம்பி ஒட்டலையேம்மா?” என்றார்.

“ஓடற மோட்டார்லேர்ந்து எப்படி சார் கம்பி வெட்டறது?” என்றாள் அவள்.

வருஷா வருஷம் ஆடியில் அந்தத் தெருவிலிருந்து யாராவது வந்து ஒரு வரி எழுதிவிட்டுப் போகிறார்கள். போன வருஷத்தோடு ஆறு வரி ஆகிவிட்டது.